ராகியில் அவரை, துவரை ஊடுசால்: ஒரே நாளில் போடுவதா, தள்ளிப் போடுவதா?

பாலக்கோடு_மேட்டாங்காடு

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோடு பக்கம் இரண்டரை ஏக்கர் மானாவாரி, செம்மண், கிணறோ போரோ கிடையாது, மழையை நம்பித்தான். இந்த ஆடியில் ராகி போடப் போகிறேன், நடுவில் ஊடுபயிராக அவரையோ துவரையோ சால் (வரிசை) விடலாம் என்று இருக்கிறேன். எப்போது விடுவது என்பதில்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

எங்கள் பெரியப்பா ராகி போடுகிற அன்றைக்கே கொடி அவரையையும் போட்டுவிடுவார். ஐப்பசி மழையில் கொடியெல்லாம் கதிர் மேல் ஏறி ராகி படுத்துக்கொள்ளும், அறுக்க வருகிறவர்கள் திட்டிக்கொண்டேதான் அறுப்பார்கள். இதைப் பார்த்துவிட்டு பக்கத்துக் காட்டு அண்ணன் முதல் களை எடுத்த பிறகுதான் துவரை போடுகிறார். அவர் ராகி அருமையாக நிற்கிறது, ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் துவரை முழங்கால் உயரத்துக்கு வெளிறிப்போய் குச்சி குச்சியாக இருக்கிறது. கடையில் கேட்டால் பத்து நாள் தள்ளு என்கிறார், இன்னொருவர் மூன்று வாரம் என்கிறார். இதற்கு ஏதாவது கணக்கு உண்டா, இல்லை அவரவர் ராசியா?

எம்எல் 365 ராகி விதை கையில் இருக்கிறது. வீட்டுக்கு ராகி குறையக்கூடாது, பயறு விற்பனைக்கு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ராயக்கோட்டை_செம்மண்

பெரியப்பா போட்டது அவரை, பக்கத்துக் காட்டுக்காரர் போட்டது துவரை. இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. எத்தனை நாள் தள்ளுவது என்று கேட்பதற்கு முன்னால் எந்தப் பயறு என்று கேளுங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது.

துவரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாத ரகம் என்றால் முதல் ஒன்றரை மாதம் அது மேலே வளர்கிற மாதிரியே தெரியாது, வேரைத்தான் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ராகி தூர் கட்டி, இலை விரித்து, காட்டை மூடிவிடும். இரண்டும் ஒரே நாளில் முளைத்தால் ராகிக்கு துவரையால் பெரிய தொந்தரவு கிடையாது, துவரையும் எப்படியோ தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். எம்எல் 365 நூற்றைந்து, நூற்றுப் பத்து நாள். ஆடி பத்தில் போட்டால் ஐப்பசி கடைசியில் அறுவடை. துவரை பூ எடுப்பது அதற்கு அப்புறம்தான். ராகி வெளியேறியதும் வெயில், காற்று, மண்ணில் மிச்சம் இருக்கிற ஈரம், ஐப்பசி கார்த்திகை மழை எல்லாம் துவரைக்கே. ஒன்றுக்குப் பசி எடுக்கும்போது இன்னொன்று தூங்குகிறது, அதனால்தான் இந்த ஜோடி நம் பக்கம் இத்தனை காலம் ஓடுகிறது.

இதில் துவரையை மட்டும் மூன்று வாரம் தள்ளினால் என்ன ஆகும்? மெதுவாக வளர்கிற பயிரை, ஏற்கெனவே தூர் கட்டிய ராகிக்கு அடியில் கொண்டுபோய் வைக்கிறீர்கள். முளைத்த நாளிலிருந்து நிழல். ராகி அறுத்த பிறகு எழுந்திருக்கும் என்று நினைத்தால், அதற்குள் தண்டு ஒல்லியாகி, கிளை இல்லாமல், பூக்கிற காலமும் வந்துவிடும். பக்கத்துக் காட்டில் நீங்கள் பார்த்தது அதுதான். ராகி நன்றாக வந்ததே என்று அவர் சமாதானம் சொல்லலாம், ஆனால் அந்த ராகி ஒரே நாளில் போட்டிருந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான் வந்திருக்கும்.

நாட்டுக் கொடி அவரை வேறு கதை. அது பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கிற பயிர். ஆனியில் போட்டாலும் ஆவணியில் போட்டாலும் பகல் குறைந்து பனி இறங்குகிற காலத்தில்தான் கொத்துக் கட்டும். ஆக, முன்னால் போட்டால் காய் முன்னால் வராது, கொடி மட்டும்தான் பெரிதாகும். அந்தக் கூடுதல் கொடிதான் ராகி மேல் ஏறிப் படுக்க வைக்கிறது. அவரையைப் பதினைந்து நாள் தள்ளினால் பூக்கிற தேதி அதேதான், கொடி மட்டும் அடங்கி நிற்கும். அதனால் தள்ளிப் போடுவது என்ற யோசனை அவரைக்குப் பொருந்தும், துவரைக்குப் பொருந்தாது. உங்கள் ஊரில் ஒருத்தர் செய்ய வேண்டியதை இன்னொருத்தர் செய்துகொண்டிருக்கிறார்.

கொர்ரு_பிடிச்சவன்

ராயக்கோட்டை அண்ணன் சொல்வது சரி, ஆனால் காகிதத்தில் சரி. மானாவாரியில் பதினைந்து நாள் கழித்து விதைக்க வேண்டும் என்றால் பதினைந்தாவது நாள் மண்ணில் ஈரம் இருக்க வேண்டுமே. ஆடியில் ஒரு மழை பெய்து, விதைத்து, அப்புறம் இருபது நாள் காற்று மட்டும் அடிக்கிறது, நம் காட்டில் இது புதிதா? அந்த நேரத்தில் அவரை விதையை மண்ணில் போட்டால் பாதி எறும்புக்கு, பாதி மயிலுக்கு.

அப்புறம் ஆள் கூலி. ராகிக்கு ஒரு தரம் ஏர் பூட்டினால் பின்னாலேயே ஒரு ஆள் அவரையைச் சாலில் விட்டுக்கொண்டு வருவார், தனிச்செலவு கிடையாது. மறுபடி வர வேண்டும் என்றால் அது இன்னொரு நாள் கூலி, அதுவும் நடவு நேரத்தில் ஆள் கிடைத்தால். எங்கள் பக்கம் எல்லோரும் ஒரே நாளில் போடுவது சோம்பலால் இல்லை, ஈரம் ஒரே நாளில்தான் இருக்கிறது என்பதால்.

கொடி ஏறுகிறது என்றால் அதற்கு வழி உண்டு. எட்டு சால் ராகிக்கு ஒரு சால் அவரை, அதற்கு மேல் போடாதே. பெரியப்பா நாலு சாலுக்கு ஒன்று போடுகிறார் என்று நினைக்கிறேன், கேட்டுப் பார். ஆவணியில் களை எடுக்கும்போது கொடியின் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்துப் புதராக நிற்கும், ஏறாது. கிள்ளிய கொழுந்து ஆட்டுக்கு.

பாலக்கோடு_மேட்டாங்காடு

கேட்டேன் அண்ணே. ஐந்து சாலுக்கு ஒன்று போடுகிறாராம். காய் நிறைய வரும் என்று.

பணி_ஓய்வு_தருமபுரி

வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், சொந்தமாகக் கொஞ்சம் நிலம் நல்லம்பள்ளி பக்கம். மேலே இருவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. கணக்கு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள், உண்டு, ரொம்பச் சின்னக் கணக்குதான்.

ஊடுபயிரில் ராகி எவ்வளவு வந்தது என்று மட்டும் பார்த்தால் எப்போதும் தனி ராகியே ஜெயித்த மாதிரி தெரியும். அதனால் இரண்டு பின்னங்களைக் கூட்டிப் பாருங்கள். கலப்பில் வந்த ராகியைத் தனி ராகியால் வகுக்க வேண்டும், கலப்பில் வந்த துவரையைத் தனித் துவரையால் வகுக்க வேண்டும், இரண்டையும் கூட்ட வேண்டும். ஒன்றுக்கு மேல் போனால் கலப்பு லாபம். உதாரணத்துக்காக மட்டும் எண்களை வைத்துக்கொள்வோம். தனியாகப் போட்டால் ஏக்கருக்கு ராகி 10 குவிண்டால், துவரை 4 குவிண்டால் என்று வையுங்கள். ஒரே நாளில் கலந்து போட்டதில் ராகி எட்டரை, துவரை இரண்டு வந்தால் 0.85 கூட்டல் 0.5, ஆக 1.35. அதாவது தனித்தனியாக எடுக்க ஒரு ஏக்கர் முப்பத்தைந்து சென்ட் வேண்டியதை ஒரு ஏக்கரில் எடுத்துவிட்டீர்கள். துவரையைத் தள்ளிப் போட்டு ராகி ஒன்பதரையும் துவரை அரை குவிண்டாலும் வந்தால் 0.95 கூட்டல் 0.125, அது 1.07 பக்கம். ராகி ஒரு குவிண்டால் கூடியதைப் பார்த்து சந்தோஷப்பட்டு, துவரையில் ஒன்றரை குவிண்டால் போனதைக் கவனிக்காமல் விடுவோம்.

பணத்திலும் பார்க்கலாம். 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு ராகி 4,886 ரூபாய், துவரை 8,000 ரூபாய். ஒரு குவிண்டால் துவரை போனால் ஒன்றரை குவிண்டாலுக்கு மேல் ராகி போன மாதிரி. மேலே சொன்ன முதல் கணக்கில் 57,500 ரூபாய் பக்கம், இரண்டாவதில் 50,400 பக்கம். நம் மாவட்டத்தில் நுகர்பொருள் வாணிபக் கழகம் ராகியை நேரடியாக வாங்குவதால் ராகிக்கு அந்த விலையை ஓரளவு நம்பலாம், துவரைக்குச் சந்தை எப்படியோ அப்படி.

தள்ளிப் போடுவதைப் பற்றி ஒன்று. இதை ஏதோ தப்பு மாதிரி பேச வேண்டாம், இடத்தைப் பொறுத்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் மாதிரி நாடுகளில் கம்பை முதல் மழைக்கே போட்டுவிட்டு, தட்டைப்பயறை இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் போடுகிறார்கள். ஆனால் அங்கே கம்பு குத்துக்குக் குத்து ஒரு மீட்டர் இடைவெளியில் நிற்கும், நடுவில் வெயில் தரையைத் தொடும், கம்பு பொய்த்தால் குடும்பத்துக்குச் சாப்பாடு இல்லை என்பதால் கம்புக்கு முதல் உரிமை. அங்கேயும் தள்ளிப் போடப் போட தட்டைப்பயறு மணி குறையத்தான் செய்கிறது, தெரிந்தே கொடுக்கிற விலை அது. நம் ராகியோ சாலுக்குச் சால் ஒரு அடி, செடிக்குச் செடி நாலு விரல். நாற்பது நாளில் மண்ணே தெரியாது. அவர்கள் தள்ளுகிற நாளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

மக்காச்சோளத்தில் உளுந்து, பாசிப்பயறு போடுகிறவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். அங்கேயும் ஒரே நாள்தான். அறுபத்தைந்து எழுபது நாளில் உளுந்து முடிந்துவிடும், மக்காச்சோளம் இரண்டடி சால் இடைவெளியை மூடுவதற்குள் அது பூத்திருக்க வேண்டும். இரண்டு வாரம் தள்ளினால் உளுந்து பூக்கிற நேரம் மேலே கூரை போட்ட மாதிரி இருட்டு.

ஊத்தங்கரை_மருமகள்

ஐயா, ஒரு சந்தேகம். பயறு போட்டால் ராகிக்கு யூரியா தேவையில்லை, அவரை வேர் முடிச்சிலிருந்து ராகிக்குச் சத்து போய்விடும் என்கிறார்களே, அப்படிப் பார்த்தால் அவரையை முன்னாடியே போடுவதுதானே நல்லது?

பணி_ஓய்வு_தருமபுரி

அந்த நம்பிக்கை பரவலாக இருக்கிறதம்மா. முடிச்சு கட்டி வேலை செய்ய ஆரம்பிக்கவே மூன்று நாலு வாரம் ஆகும். அப்புறமும் அது பிடிக்கிற தழைச்சத்து (நைட்ரஜன்) முதலில் அதன் செடிக்கு, மணிக்கு. அந்தப் பருவத்திலேயே பக்கத்தில் நிற்கிற ராகிக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். நமக்குக் கிடைக்கிற நன்மை வேறு இரண்டு வழியில் வருகிறது. பயறு மண்ணில் இருக்கிற தழைச்சத்துக்கு ராகியோடு அவ்வளவாகச் சண்டை போடாது, அது ஒன்று. துவரை கொட்டுகிற இலையும் வேரும் மக்கி அடுத்த வருடப் பயிருக்குப் போகும், அது இன்னொன்று. பொறுமை உள்ளவர்களுக்கான உரம் அது.

யூரியா விஷயத்திலும் நேரம் முக்கியம். மானாவாரி ராகிக்குப் பரிந்துரை ஹெக்டேருக்கு 40 கிலோ தழைச்சத்து, நம் கணக்கில் ஏக்கருக்கு 16 கிலோ, யூரியாவாக 35 கிலோ பக்கம். இதில் மேலுரமாகப் போடுவதை ராகி சாலில் மட்டும் போடுங்கள். காடு முழுக்க வீசினால் ராகி சடசடவென்று எழுந்து பயறை இன்னும் சீக்கிரம் மூடும், பயறும் சும்மா கிடைக்கிற யூரியாவைப் பார்த்து முடிச்சு கட்டுவதைக் குறைத்துக்கொள்ளும். தள்ளி விதைத்த பயறுக்கு யூரியா வீசிய ராகி என்றால் அப்புறம் அதைத் தேட வேண்டியதுதான்.

ராயக்கோட்டை_செம்மண்

கொர்ரு அண்ணன் ஈரத்தைப் பற்றிச் சொன்னது நியாயம், அதை மறுக்கவில்லை. அதற்கு நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். ராகி விதைக்கும்போது அவரைக்கு உரிய சாலை வெறுமனே விட்டுவிடுவோம். அடுத்த மழை எப்போது வருகிறதோ, எட்டாம் நாளோ இருபதாம் நாளோ, அன்றைக்கு அந்தச் சாலில் குத்துக்கு இரண்டு விதையாக ஊன்றிவிடுவோம். வீட்டு ஆட்களே போதும், ஏர் தேவையில்லை. சால் காலியாக இருப்பதால் இரண்டு பக்கமும் ஒரு அடி திறப்பு கிடைக்கும், இருபது நாள் தள்ளினாலும் அவரை மூச்சுவிடும். பக்கத்துக் காட்டில் இடம் விடாமல் ராகிக்கு இடையில் கொத்திப் போட்டிருப்பார்கள், அது எங்கே பிழைக்கும்? நாள் கணக்கைவிட அந்த வெறும் சால்தான் காப்பாற்றுகிறது என்பது என் கட்சி.

மழையே வரவில்லை என்றால் அந்தச் சால் வீண்தான். ஒன்பதில் ஒரு பங்கு. ஓரத்து ராகி கொஞ்சம் நன்றாகத் தூர் கட்டி அதில் பாதியை ஈடுகட்டும்.

இன்னொன்று, அவரை வாங்கும்போது ரகம் பார்த்து வாங்குங்கள். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஹெப்பால் அவரை 3, 4 மாதிரி குத்து ரகங்கள் பகல் நீளத்தைப் பார்க்காது, எப்போது போட்டாலும் மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் மேலே போய் முடித்துக்கொள்ளும். கொடி ஏறாது, அதனால் ராகிக்கு நல்லது என்று சிலர் அதை ஊடுசாலில் போடுகிறார்கள். யோசித்துப் பாருங்கள், ராகியோடு ஒரே நாளில் போட்டால் அது பூப்பது ஆவணி கடைசி, புரட்டாசி. மேலே ராகி நிழல், வானத்தில் மழை, பூ உதிரும், காய்ப்புழு வேறு. அந்த ரகம் தனிப் பாத்தியில் ராஜா, ராகிக்குள் போட்டால் பாவம். ராகியோடு போடுவதற்கு ராகி வீட்டுக்குப் போன பிறகு காய்க்கிற நாட்டு அவரையே சரி.

கொர்ரு_பிடிச்சவன்

வெறும் சால் யோசனை நல்லா இருக்கு. ஓசூர் பக்கம் அக்கடி சால் (ராகிக்கு நடுவே ஊடுபயிர் வரிசை) போடுகிறவர்கள் சிலர் அப்படி விட்டுப் பார்த்திருக்கிறேன், எதற்கு என்று அப்போது கேட்கவில்லை.

ஒரு விஷயம் சேர்த்துக்கொள் தம்பி. ராகி இருபது நாளில் பலுகு (பல் வைத்த கலப்பை) ஓட்டுவாய் இல்லையா, ஒரே நாளில் பயறு போட்டிருந்தால் குறுக்கே ஓட்டாதே. ராகி பலுகுக்குத் தாங்கும், மிதித்தாலும் எழுந்துகொள்ளும். துவரைக் கன்று முனை ஒடிந்தால் எழுந்திருக்காது. சால் போன திசையிலேயே ஓட்டு.

பாலக்கோடு_மேட்டாங்காடு

ரொம்ப நன்றி எல்லோருக்கும். இவ்வளவு விஷயம் இருக்கும் என்று நினைக்கவில்லை. இன்னும் ஒரு கேள்வி. ஆடியில் மழை சரியாக வராமல் ஆவணி பாதிக்கு மேல்தான் விதைக்க முடிந்தது என்றால்? போன சில வருடங்களாகவே எங்கள் பக்கம் ஆடி ஏமாற்றுகிறது, பெரிய மழை புரட்டாசி ஐப்பசியில்தான். அப்போதும் இரண்டையும் ஒரே நாளில் போடலாமா, துவரையை விட்டுவிடலாமா?

ஊத்தங்கரை_மருமகள்

இதற்கு நான் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் துவரையை விதைப்பதே இல்லை, நடுவதுதான். ஆனி கடைசியிலேயே சின்ன பாலிதீன் பையில் மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்பி, பைக்கு இரண்டு விதை போட்டு, வீட்டுப் பக்கத்தில் நிழலில் வைத்துவிடுவோம். குடத் தண்ணீர் போதும். முளைத்ததும் நல்லது ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுவோம். முப்பது நாற்பது நாள் நாற்று தயாராக இருக்கும், மழை எப்போது வருகிறதோ அப்போது ராகியை விதைத்துவிட்டு அந்த ஈரத்திலேயே நாற்றைக் குழியில் இறக்கிவிடலாம்.

இதில் துவரைக்கு ஒரு மாதம் முன்னால் பிறந்த வயசு கிடைத்துவிடுகிறது. ராகி முளைக்கிற நாளில் துவரை முக்கால் அடி உயரத்தில் நிற்கும், அதை ராகி மூட முடியாது. நட்ட இருபது முப்பது நாளில் நுனியை இரண்டு அங்குலம் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை நிறைய வரும். இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் துவரை நடவு நிறையப் பேர் செய்கிறார்கள், வேளாண்துறையும் சொல்லிக்கொடுக்கிறது.

எட்டு சால் ராகிக்கு இரண்டு சால் இடம் விட்டு, அதன் நடுவில் மூன்றடிக்கு ஒரு செடி. பை நிரப்புகிற வேலை மட்டும்தான் கொஞ்சம் இடுப்பை ஒடிக்கும், அதை ஆண்கள் செய்யலாம் தப்பில்லை.

பணி_ஓய்வு_தருமபுரி

நல்ல பதில். நாற்று இல்லாமல் ஆவணி பிற்பாதியில் துவரையை விதைத்தே ஆக வேண்டும் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். ஆறு மாதத் துவரையும் அவரை மாதிரி பகல் குறைவதைப் பார்த்துப் பூக்கிற பயிர்தான். தாமதமாகப் போட்டால் செடி குட்டையாகவே நின்று பூக்கும். ஆடித் துவரைக்கு விடுகிற இடைவெளியை விட்டால் காடு காலியாக இருக்கும், செடிக்குச் செடி பாதியாகக் குறைத்து நெருக்கிப் போடுங்கள். தேதி மாறினால் இடைவெளியும் மாற வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தாமதப் பருவத்துக்கு நான்கு மாதத்துக்குச் சற்று மேல் போகிற கோ 7 மாதிரி குறுகிய துவரையும் இருக்கிறது, ஆனால் ராகியோடு கலக்கும்போது அதன் பூப்பருவம் ராகி கதிர் முற்றுகிற நேரத்தோடு மோதும் என்பதால் எனக்கு அதில் அவ்வளவு பிடிப்பு இல்லை.

புரட்டாசி பிறந்துவிட்டால் ராகியையே யோசியுங்கள், பூட்டை (கதிர்) வரும்போது மழை நின்றிருக்கும். கொள்ளு போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் கொள்ளு ரகங்கள் வெளியிட்டிருக்கிறார்கள், பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையமும் உங்களுக்குக் கிட்டத்தில்தான். விதை இருக்கிறதா என்று ஆடிக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நேரத்தில் போனால் கிடைக்காது.

மண் ஆழத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு அடிக்குக் கீழே சரளை என்றால் மார்கழி, தையில் துவரைக்குக் கொடுக்க மண்ணிடம் ஈரம் இருக்காது. எவ்வளவு சரியான நாளில் விதைத்தாலும் அந்த மண்ணில் அவரைதான் பரவாயில்லை, அது பனியிலேயே காய்த்துவிடும்.

தளி_எல்லைக்காடு

எல்லோரும் விதைக்கிற நாளைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு ராகி அறுத்த மறுநாள்தான் பிரச்சினை. ஊரில் எல்லோரும் ராகி அறுத்ததும் மாடு, ஆடு அவிழ்த்து விட்டுவிடுவார்கள், அது காலங்காலமான வழக்கம், கேட்கவும் முடியாது. அப்போது பூத்து நிற்கிற துவரை என் காட்டில் மட்டும்தான் என்றால் ஊர் ஆடு முழுக்க அங்கேதான். ஆகவே ஊடுசால் போடுவதாக இருந்தால் பக்கத்துக் காட்டுக்காரர்களும் போடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு போடுங்கள், இல்லை என்றால் வேலி, இல்லை என்றால் தினமும் ஒரு ஆள் காவல். அந்தக் கூலியை ஐயா சொன்ன 57,500இல் கழித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் இன்னொரு விருந்தாளியும் உண்டு. ஐப்பசி தொடங்கி தை, மாசி வரைக்கும் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டம் தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி வரை இறங்கும், ராகி பால் பிடிக்கிற வாசனை அதற்கு எப்படித்தான் தெரியுமோ. ராகிக்கு முன்னால் ஒரு மாதம், பின்னால் துவரைக்கு இரண்டு மாதம் என்று பரண் மேல் உட்கார முடியாது. அதனால் நாங்கள் ராகியைக் கூடுமானவரை முன்னால் போட்டு முன்னால் அறுத்துவிடுவோம், பயறுக்கு நாட்டு அவரை மட்டும். உங்களுக்குப் பாலக்கோட்டில் காட்டு ஓரம் இல்லையென்றால் இதை விட்டுவிடலாம்.

பாலக்கோடு_மேட்டாங்காடு

காட்டு ஓரம் இல்லை அண்ணா, பன்றித் தொல்லை மட்டும் உண்டு. ஆடு விஷயம் எங்கள் ஊரிலும் அப்படித்தான், நல்லவேளை சொன்னீர்கள், மேற்குப் பக்கத்துக் காட்டுக்காரரும் துவரை நடுவதாக இருக்கிறார், அவரோடு பேசிக்கொள்கிறேன்.

இப்படிச் செய்யலாம் என்று இருக்கிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள். மேற்குப் பக்கம் மண் ஆழம், அந்த ஒன்றரை ஏக்கரில் எட்டு சால் ராகிக்கு இரண்டு சால் இடம் விட்டுத் துவரை நாற்று, ராகி விதைக்கிற அன்றைக்கே. கிழக்குப் பக்கம் சரளை, அந்த ஒரு ஏக்கரில் எட்டுக்கு ஒரு சால் வெறுமனே விட்டு, இரண்டாவது மழைக்கு நாட்டு அவரை ஊன்றுவது. பை நிரப்ப இந்த வாரமே ஆரம்பிக்கிறேன். துவரை விதை நிலம் பிடித்த நாட்டு விதை கொஞ்சம் அம்மா வைத்திருக்கிறார்கள், ஆறு மாத ரகம்தான், அதையே போடலாமா?

ஊத்தங்கரை_மருமகள்

போடலாம். விதையை ஒருமுறை முளைப்புப் பார்த்துவிடுங்கள், ஈரத் துணியில் சுற்றி வைத்தால் நாலு நாளில் தெரிந்துவிடும். ரைசோபியம் (வேர் முடிச்சு கட்ட உதவும் நுண்ணுயிர் உரம்) பாக்கெட் கிடைத்தால் அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் தடவி, நிழலில் உலர்த்திப் பையில் போடுங்கள். பைக்கு அடியில் ஓட்டை போட மறக்காதீர்கள், மழை நாளில் தண்ணீர் நின்றால் நாற்று அழுகிவிடும்.

கொர்ரு_பிடிச்சவன்

திட்டம் சரி. கிழக்குக் காட்டில் இருபத்தைந்து நாள் வரைக்கும் இரண்டாவது மழை வரவில்லை என்றால் அவரைக்காகக் காத்திருக்காதே, அந்தச் சாலில் புரட்டாசி மழைக்குக் கொள்ளு தூவிவிடு. பெரியப்பாவிடம் எட்டுக்கு ஒன்று என்பதை மெதுவாகச் சொல், இந்த வருடமே கேட்பார் என்று எதிர்பார்க்காதே.